படம் எடுத்தாங்க... பேரு போட்டாங்களா?

சித்தேரி மலைக் கடையும் டவுன் பத்திரிகை போட்டோவும்

ஓட்டல் முதலாளி கல்லாவில் இருப்பார். பின்னால் சுவரில் அவருடைய அப்பாவின் படம், சந்தன மாலையோடு. பத்திரிகை போட்டோகிராபர் காமிராவைத் தூக்கினால் போதும். "கொஞ்சம் இருங்க தம்பி" என்று உள்ளே போய் வெள்ளைச் சட்டை மாட்டி, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு வருவார்.

ஊர்க் கடைகள், ஊர்ச் சமையல்காரர்கள் என்று படத்தோடு பக்கம் போடுவது நகரப் பத்திரிகைகளுக்கு வழக்கம். முதலாளி பெயர், கடை பெயர், தெரு பெயர் எல்லாம் அச்சாகும். அந்தப் பக்கத்தை பிரேம் போட்டுக் கடையில் மாட்டுவார்கள். நாலு பேர் தேடி வருவார்கள்.

அதே காமிரா மலை ஏறினால்?

தர்மபுரி மாவட்டம் அரூரில் இருந்து மலைப் பாதையில் ஏறினால் சித்தேரி. மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். (கேரளத்து மலையாளி இல்லை. இவர்கள் பேசுவது தமிழ்தான். முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் சொல்லும் கதை.) சாமையும் கேழ்வரகும் விளையும் பூமி. இங்கே களி கிண்டுபவரும் சமையல்காரர்தான். டீ ஆற்றுபவரும் கடைக்காரர்தான்.

ஆனால் இப்படிப்பட்ட மலை ஊர்ப் படங்கள் அச்சில் வரும்போது, "களி கிண்டும் மலைவாழ் பெண்" என்று ஒரே வரியில் கதை முடிந்துவிடுவது உண்டு. பெயரைக் காணோம். கடையையும் காணோம். பிறகு யார் தேடி வருவார்கள்?

மூக்கை அளந்த துரை

இந்தப் பழக்கம் நேற்று வந்தது அல்ல.

எட்கர் தர்ஸ்டன் என்று ஒரு வெள்ளைக்காரர். சென்னை எழும்பூர் மியூசியத்தின் தலைவராக இருந்தவர். காமிராவும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு மலை மலையாக அலைந்தார். பிடித்த ஆளை நிற்க வைத்துத் தலையை அளப்பார், மூக்கை அளப்பார். 1909-ல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு பெரிய புத்தகங்கள் போட்டார். அப்போது சேலம் ஜில்லாவில் இருந்த மலைகளின் மலையாளிகள் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். படங்களும் ஏராளம். பெரும்பாலான படங்களுக்குக் கீழே இருப்பது சாதிப் பெயர்தான். ஆள் பெயர் இல்லை!

வயநாட்டில் பணியர் பெண்கள் இவரைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார்களாம். நல்ல ஆளாகப் பார்த்துப் பாடம் செய்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயம். இதை எழுதியவர் தர்ஸ்டனேதான். பயந்ததில் என்ன தப்பு?

ஹாலிவுட் ஆசை

இர்விங் பென் அமெரிக்காவின் பெரிய போட்டோகிராபர். 'வோக்' பத்திரிகைக்காக 1950, 51-ம் ஆண்டுகளில் பாரீஸ், லண்டன், நியூயார்க் நகரங்களில் மீன்காரர், கசாப்புக்காரர், கேக் செய்பவர் என்று உழைப்பாளிகளைப் படம் எடுத்தார். வேலை செய்யும் அதே உடுப்பு, கையில் அதே கருவி. பின்னால் வெறும் திரை. ஜன்னல் வெளிச்சம்.

பாரீஸ்காரர்களுக்கு இவர் மேல் சந்தேகம். லண்டன்காரர்களோ இது நியாயம்தானே என்று மிடுக்காக நின்றார்கள். நியூயார்க்கில் சிலர், சொல்லியும் கேட்காமல், ஷேவ் செய்து கோட்டு சூட்டில் வந்து நின்றுவிட்டார்கள். ஹாலிவுட் கூப்பிடும் என்று நினைப்பாம்! நம்ம ஓட்டல் முதலாளியின் வெள்ளைச் சட்டையும் இதே ரகம்தான்.

அந்தப் படங்கள் இன்று உலகப் புகழ். ஆனால் தலைப்பைப் பாருங்கள். 'மீன்காரர், லண்டன்'. அங்கேயும் பேரு போடலை.

யாருக்கு உரிமை?

1957-ம் வருட காப்புரிமைச் சட்டப்படி பொதுவாகப் படம் எடுத்தவருக்குத்தான் உரிமை. சம்பளத்துக்கு எடுத்தால் பத்திரிகைக்குப் போகும். காசு கொடுத்து எடுக்கச் சொன்னால் சொன்னவருக்கு. அடுப்புப் புகையில் நின்று முகம் கொடுத்த சமையல்காரருக்கு அதில் பங்கு கிடையாது.

காமிராவையே சொந்தமாக்கிக் கொண்டவர்கள் கதை வேறு. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தா சமைக்க, பேரப்பிள்ளைகள் படம் பிடித்து 2018-ல் யூடியூபில் போட ஆரம்பித்தார்கள். அதுதான் 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. 2021 ஜனவரியில் ராகுல் காந்தியே வந்து வெங்காயமும் தயிரும் கலந்துவிட்டுப் போனார். அந்த ஜூலையில் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தொட்டது. அந்தத் தாத்தா பெயரைத் தெரியாதவர் உண்டா?

விடியற்காலை வேலை

கடையில் படம் எடுப்பது லேசு இல்லை. பிளாஷ் போட்டால் எவர்சில்வர் பாத்திரத்தில் பட்டுக் கண்ணைக் கூசும். பாய்லர் ஆவி லென்ஸில் படிந்துவிடும். வாசல் வழியாக வரும் காலை வெளிச்சமே போதும். ஆனால் அதுதான் வியாபார நேரம். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்று, காசு கொடுத்து டீ குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று தயங்கும் பெரியவர்கள் உண்டு. மாலை போட்ட படங்களையே சுவரில் பார்த்து வளர்ந்தவர்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். சரி என்றவருக்கு ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "அனுப்புறேன்னு சொல்லிட்டுப் போனவங்க நிறையப் பேருங்க" என்பதுதான் கடைக்காரர்களின் பழைய புகார்.

எழுதும்போது இனிஷியலையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. ஒரே பெயரில் மலையில் நாலு பேர் இருப்பார்கள்.