ஏலம் போன கட்டிடம், நிலைத்த வித்தை

மும்பை, புனே பக்கம் குடியேறிய நம்மவர் வீட்டுக் குழந்தைகள் பலர் பாட்டுக்கும் பரதநாட்டியத்துக்கும் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்குகிறார்கள். அதில் 'அகில பாரதீய காந்தர்வ மகாவித்யாலய மண்டல்' என்று அச்சிட்டிருக்கும். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறோம். அந்தப் பெயரின் பின்னால் இருக்கும் மனிதரையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1872-ல் குருந்த்வாடில் பிறந்தவர். சிறு வயதில் பட்டாசு விபத்தில் கண்பார்வை பெரிதும் கெட்டது. மிரஜில் பாலகிருஷ்ணபுவா இச்சல்கரஞ்சீகரிடம் குருகுலவாசம் செய்தார். அந்நாளில் வித்வான்களின் பிழைப்பு சமஸ்தானங்களை நம்பி நடந்தது. வித்தையோ பெரும்பாலும் குடும்பத்தை விட்டு வெளியே போகாது. சாதாரண வீட்டுப் பிள்ளை பாட்டுக் கற்பது எளிதல்ல.

1901 மே 5-ஆம் தேதி லாகூரில் அவர் காந்தர்வ மகாவித்யாலயாவைத் தொடங்கினார். ராஜாக்களின் தயவை நம்பாமல், பொதுமக்களின் நன்கொடையிலும் கச்சேரி வருமானத்திலும் பள்ளியை நடத்தினார். வகுப்பு, பாடத்திட்டம், பரீட்சை, ஸ்வரக் குறிப்போடு அச்சிட்ட புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு வைத்தார். ஆசிரியராகப் பயில்வோரைத் தம்மிடமே தங்க வைத்துப் பல வருஷங்கள் பழக்கினார்.

1908-ல் பம்பாய்க்கு வந்தார். மாணவர்கள் பெருகினார்கள். கடன் வாங்கிச் சொந்தக் கட்டிடம் எழுப்பினார். கடன் தீரவில்லை, கட்டிடம் ஏலத்தில் போயிற்று. 1931-ல் அவரும் காலமானார்.

கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதே 1931-ல் சீடர்கள் சேர்ந்து மண்டலை அமைத்தார்கள். பி.ஆர். தேவ்தர் 1925-லேயே பம்பாயில் தனிப் பள்ளி தொடங்கியிருந்தார். விநாயகராவ் பட்வர்தன் 1932-ல் புனேயில் தொடங்கினார். அவருடைய சீடர் வினய்சந்திர மௌத்கல்யா 1939-ல் டில்லியில் தொடங்கினார். ஓங்கார்நாத் தாகூர் காசி இந்து பல்கலைக்கழகத்தின் சங்கீதக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார்.

நான் ரயில்வேயில் கட்டுமானப் பிரிவில் காலம் தள்ளியவன். ஒரு கட்டிடம் எழுந்தால் வேலை முடிந்தது என்பது எங்கள் கணக்கு. சங்கீதப் பள்ளிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு அஸ்திவாரம், சொல்லிக் கொடுக்கத் தெரிந்த அடுத்த தலைமுறை.

ஊரை விட்டு வந்த நமக்கு இதில் பாடம் உண்டு. பெரிய ஹால் இல்லையே என்று வகுப்பு தொடங்கத் தயங்க வேண்டாம். ஒருவர் வீட்டுக் கூடமும் ஒரு ஜமக்காளமும் போதும். ஆசிரியருக்கு மாதச் சம்பளம் தவறக்கூடாது. பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்ததும் பாட்டை அடியோடு நிறுத்தாமல், வாரம் ஒரு நாளாவது தொடரச் செய்யுங்கள். நன்றாகத் தேறிய பிள்ளையைச் சின்னக் குழந்தைகளுக்கு சரளிவரிசை சொல்லித்தர உட்கார வையுங்கள். நமக்குப் பிறகும் வகுப்பு நடக்க அதுதான் வழி.