செருக்கும் திரும்புதலும்: ஓசேயாவின் இரு சொற்கள்

தமிழ்க் கிறித்தவ வழக்கிலுள்ள ‘மனந்திரும்புதல்’ உள்ளத்தை முன்னிறுத்தும் சொல். எபிரேயத் தீர்க்கதரிசிகள் அவ்விடத்தில் ஆளும் ‘ஷூவ்’ என்னும் வினையிலோ மனம் இல்லை, நடைதான் உண்டு. சைனாடவுனில் மாரியம்மன் கோயிலைக் கடந்து சென்றுவிட்டவர் திரும்பி வருவதற்கும் அவ்வினையே பொருந்தும்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டினரான ஓசேயா, தம் நூலின் 7ஆம் அதிகாரத்தில் இவ்வினைக்கு எதிரே ‘காஓன்’ என்னும் பெயர்ச்சொல்லை நிறுத்துகிறார். அதன் வேர்ப்பொருள் மேலெழுதல். எசேக்கியேலில் அவ்வேர் வெள்ளப்பெருக்கையும் குறிக்கிறது. நம் ‘பெருமை’யைப் போல, மாட்சி, செருக்கு இரண்டிற்கும் அஃது ஒரே சொல். இடர்ப்பாடும் இங்கேதான் என்பது என் கருத்து. தன் செருக்கை மாட்சியென்று கண்ட இசுரவேலுக்குத் திரும்பவேண்டிய தேவையே புலப்படவில்லை. தலை நரைத்ததையும் அது அறியவில்லை என்கிறார் ஓசேயா. துணை தேடி எகிப்துக்கும் அசீரியாவுக்கும் ஓடிய கால்கள் இறைவன்பால் மட்டும் திரும்பவில்லை.