உருளும் கோட்டை

மாணவ நண்பர்களே, ஒரு பழைய ரயில் பெட்டிக்குள் நுழைவோமா? பெயர் 'பெர்டினாண்ட் மெகல்லன்'. அமெரிக்காவில் மயாமி நகர ரயில் அருங்காட்சியகத்தில் இது பாதுகாக்கப்பட்டு வருகிறது.

1929-இல் புல்மன் கம்பெனி இதைச் செல்வந்தர்கள் வாடகைக்கு அமர்த்தும் சொகுசுப் பெட்டியாகக் கட்டியது. போர்க்காலமான 1942-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் பயணத்துக்காக இது மாற்றியமைக்கப்பட்டது. படுக்கையறைகள் ஐந்திலிருந்து நான்காகக் குறைந்தன. உணவறையும் பின்புறக் கூடமும் பெரிதாயின.

சுவர் சாதாரணமாகத் தெரிகிறதா? அதனுள் சுமார் 16 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கவசம் இருக்கிறது. கூரையிலும் தரையிலும் அப்படியே. சன்னல் கண்ணாடியோ சுமார் 75 மில்லிமீட்டர் கனம்! தனிக் கண்ணாடி, குண்டு பட்டால் நொறுங்கிச் சிதறும். இதுவோ 12 அடுக்குகளை ஒட்டிச் செய்தது. அடுக்குகள் ஒவ்வொன்றாக உடைந்து குண்டின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆனால் ஒரு சிக்கல். வெளியிலிருந்து உடைக்க முடியாத சன்னலை உள்ளிருந்தும் உடைக்க முடியாதே! விபத்து நேர்ந்தால்? ரூஸ்வெல்ட்டோ போலியோவால் நடக்க இயலாதவர். ஆகவேதான் தப்பிச் செல்ல இரண்டு அவசர வழிகள் அமைத்தார்கள்.

கவசம் ஏறியதும் பெட்டியின் எடை ஏறத்தாழ 129 டன் ஆயிற்று. 8 சக்கரங்கள் மட்டும் இருந்தால் ஒவ்வொன்றும் 16 டன் சுமக்க வேண்டும். இதற்கு 12 சக்கரங்கள். ஆகவே ஒன்றின் பங்கு 11 டன்னுக்கும் குறைவு. தண்டவாளம் தாங்குவது இதனால்தான்.

அடுத்த முறை ரயில் நிலையம் சென்றால் ஒரு பெட்டியின் சக்கரங்களை எண்ணுங்கள். அதற்கு அத்தனை போதுமானது ஏன் என்று யோசியுங்கள்!