டர்போவுக்கு ஒரு நிமிஷம்!

திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேருக்கே அச்சிறுபாக்கத்தில் அச்சு முறிந்ததாம். அந்தத் திரிபுரம் எரிந்த தலமான எங்கள் திருவதிகையில், அப்பா விட்டுப்போன பழைய டாடா சியரா டர்போவை நான் பிரித்துப் போட்டது, வேகத்தைக் கூட்டத்தான்!

டர்போ ஷாஃப்டைத் தொட்டுப் பார்த்தார் மெக்கானிக். "ஆடுதே தம்பி! ஓடி வந்ததும் படக்குனு ஆஃப் பண்ணிடுவியா?"

பண்ணுவேன்!

எஞ்சின் புகை தள்ளத் தள்ள, நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் ஷாஃப்ட் அது. எஞ்சின் நின்றால் ஆயில் வராது. தேங்கிய ஆயில் சூட்டில் கருகி, பேரிங்கைத் தின்றுவிடும்.

வேக ஆசையை மூட்டை கட்டினேன். பேரிங் மாற்றியாச்சு. இப்போதெல்லாம் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்கிறேன். அதற்குள் என் ஆபீஸ் சூடும் ஆறிவிடுகிறது. வீட்டுக்காரிக்கு டபுள் சந்தோஷம்!