ரத்தம் "சேரலை" என்றால் என்ன? பூச்சியும் ஒரு காரணமாகலாம்

"ரத்தம் சேரலையாம்!"

ஆஸ்பத்திரியிலிருந்து இப்படியொரு செய்தி தோட்டத்துக்கு வந்தால் போதும். பெரட்டுக் களத்திலும் குழாயடியிலும் ஆளுக்கொரு கதை கட்டி விடுவார்கள். "கெட்ட ரத்தம்" என்பார் ஒருவர். "அந்தக் குடும்பத்துக்கே அப்படித்தான்" என்பார் இன்னொருவர். படுத்திருப்பது வீட்டுக்கு வந்த மருமகளாக இருந்துவிட்டால் பேச்சு இன்னும் நீளும். பிரசவத்துக்குப் போன பெண்ணைப் பற்றி இப்படிப் பேசுவதை நானே பல தோட்டங்களில் கேட்டிருக்கிறேன். ஆகவே தோழர்களே, தாய்மார்களே, இந்த வாரம் சம்பளப் பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் பார்ப்போம்.

பால் வாளிக்கு நம்பர் அடித்து வைக்கிறோம் அல்லவா? அது போல நம் ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் மேல் சில அடையாளங்கள் உண்டு. ஏ, பி, ஓ என்று நாம் சொல்லும் பிரிவுகளுக்கு 1901-இல் வழிகாட்டியவர் வியன்னா நகரத்து டாக்டர் கார்ல் லேண்ட்ஸ்டைனர். அதோடு முடிந்துவிடவில்லை. 1927-இல் அவரும் பிலிப் லெவின் என்பவரும் அமெரிக்காவில் வேறு சில அடையாளங்களையும் கண்டார்கள். அதிலொன்றுக்கு இன்று பி-1 என்று பெயர். (ஏ, பி, ஓ-வில் வரும் பி வேறு, இது வேறு. இங்கிலீஷில் இரண்டும் தனித்தனி எழுத்து. நம் தமிழில் எழுதினால் ஒன்றாகத் தெரிகிறது, என்ன செய்வது!)

இந்த பி-1 சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. இருப்பதால் லாபமும் இல்லை, இல்லாததால் நஷ்டமும் இல்லை. ஆனால் இல்லாதவர் உடம்பு, அந்த அடையாளத்தை வெளியிலிருந்து வந்த அந்நியனாகவே பார்க்கும். அதை எதிர்க்க ரத்த நீரில் ஒரு பொருளைத் தயார் செய்து வைக்கும். இதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர்.

பூச்சி இங்கேதான் உள்ளே வருகிறது. ஆட்டுப் பண்ணைகள் நிறைந்த நியூசிலாந்தில், நாயிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் ஒரு நாடாப்புழு ஈரலில் நீர்க்கட்டியை உண்டாக்கி வந்தது. பி-1 இல்லாத நோயாளிகளின் ரத்தத்தில் பி-1-க்கு எதிரான பொருள் மிகப் பலமாக இருந்ததையும், அந்தக் கட்டியின் நீரிலேயே பி-1 போன்ற பொருள் இருந்ததையும் கேமரன், ஸ்டேவ்லி என்ற இருவர் 1957-இல் எடுத்துக் காட்டினார்கள். அதாவது பூச்சியும் நம் ரத்தத்தின் அடையாளம் மாதிரியே ஒன்றைச் சுமந்துகொண்டு வருகிறது. உடம்பு சண்டை போடுவது பூச்சியோடு. ஆனால் அதற்குச் செய்த ஆயுதம் இன்னொருவர் ரத்தத்தின் மேலும் பாய்கிறது.

நம் தோட்டங்களில் அந்த நாடாப்புழு இல்லை. நமக்குப் பழக்கமானது நாக்குப்பூச்சி. அர்ஜெண்டினாவின் ரொசாரியோ நகரத்து ஆய்வாளர்கள் நாக்குப்பூச்சியின் சாற்றை எடுத்துச் சோதித்து, அதிலும் பி-1 போன்ற பொருள் இருப்பதை 2003-இல் வெளியிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுமுன், கொடுத்தவரின் அணுக்களையும் நோயாளியின் ரத்த நீரையும் கலந்து பார்ப்பார்கள். கட்டி கட்டியாகச் சேர்ந்துகொண்டால் "சேரலை" என்று பொருள்! (வேடிக்கைதான்: அணுக்கள் ஒன்றாய்ச் சேர்ந்தால், ரத்தம் சேரவில்லை.) பி-1-க்கு எதிரான பொருள் பெரும்பாலும் குளிர்ச்சியில்தான் வேலை செய்யும். அதனால் உடம்புச் சூடாகிய 37 டிகிரியில் வைத்து மறுபடி சோதிப்பார்கள். அங்கே கட்டி விழவில்லையென்றால் அந்த ரத்தத்தையே ஏற்றலாம். இதற்கு நேரம் பிடிக்கும். "சும்மா உட்கார வைக்கிறாங்க" என்று கோபப்பட்டு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

இதனால் ரத்தப் பிரிவு மாறிப் போகாது. பிள்ளைகளுக்கு வம்சமாக இறங்காது. பி-1-க்கு எதிரான பொருள் தாயிடம் இருந்தாலும் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு செய்வதில்லை. மாமியார்மார்கள் தயவு செய்து இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

ஆனால் சேராத ரத்தம் எல்லாவற்றுக்கும் பூச்சிதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் வேறு எதிர்ப்பொருள்கள் உண்டாகலாம். அவற்றில் சில ஆபத்தானவை, கருவையும் பாதிக்கக் கூடியவை. ஆஸ்பத்திரியில் இது பற்றிக் கார்டோ கடிதமோ கொடுத்தால் பிறப்புச் சூராவோடு பத்திரப்படுத்தி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

சரி, ரத்தம் ஏற்றும் நிலைமை ஏன் வருகிறது? அதிலும் பூச்சிக்குப் பங்கு உண்டு. கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக உடம்பில் ஏறி, குடலைக் கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும். சின்ன வகைப் புழு ஒன்று நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர்தான் குடிக்கிறது. ஆனால் வயிற்றில் 100 இருந்தால் மூன்று மாதத்தில் கால் லிட்டருக்கு மேல் போய்விடும். ஏற்கெனவே சோகை பிடித்த கர்ப்பிணிக்கு இது சாதாரண நஷ்டமா?

1974 முதல் 1983 வரை நம் நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் திட்டம் நடந்தது. மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது நின்ற பிறகு பொறுப்பு பெற்றோர் தலையில் விழுந்தது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை மாத்திரைதான். சின்னக் குழந்தைகளுக்கு அளவு வேறு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் தொடக் கூடாது. கிளினிக்கில் கேட்டே கொடுங்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் இந்தோனேசியத் தோழரிடமும் வங்காளதேசத் தோழரிடமும் சொல்லுங்கள். நாம் நடப்பதும் அவர்கள் நடப்பதும் ஒரே மண்ணில்தானே.

மாத்திரை தின்றுவிட்டு அதே அசுத்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பூச்சி மறுபடி வரும். கக்கூசும் தண்ணீரும் ஒழுங்காக இருக்க வேண்டும். தோட்ட வீடுகளுக்குப் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் சொல்கிறது. உங்கள் தோட்டத்தில் அது நடக்கவில்லையென்றால், எத்தனை வீடு, எத்தனை கக்கூஸ் உடைந்து கிடக்கிறது, எந்தத் தேதியிலிருந்து தண்ணீர் நின்றது என்று விவரமாக எழுதி மானேஜரிடம் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். இன்னொரு பிரதியைத் தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்புங்கள்.