ஊசி இறங்குமுன் பேசும் குரல்

1970களின் நடுப்பகுதியில் அமெரிக்க வீடுகளில் ஒரு விசித்திரமான தொல்லை பரவியது. இசைத்தட்டு சுழன்றுகொண்டிருக்கும், ஊசி இன்னும் அதன்மேல் இறங்கியிருக்காது. அதற்குள் ஸ்பீக்கரிலிருந்து யாரோ ஒரு லாரி ஓட்டுநர் நெடுஞ்சாலையில் போலீஸ் நிற்கும் இடத்தைத் தன் சகாவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அது ‘சிட்டிசன்ஸ் பேண்ட்’ எனப்படும் சி.பி. ரேடியோவின் பொற்காலம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் நாடு முழுக்க மணிக்கு 55 மைல் வேக வரம்பு வந்தது. எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே காவல் நிற்கிறது என்பதை லாரிக்காரர்கள் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பரிமாறிக்கொண்டார்கள். வேடிக்கை பார்த்த பொதுமக்களும் கருவி வாங்கிக் குவித்தார்கள். 23 சானல்கள் போதாமல் 1977 ஜனவரி 1 முதல் 40 ஆக்கினார்கள். அனுமதிக்கப்பட்ட திறன் வெறும் 4 வாட். அதுவே அடுத்த வீட்டு ஸ்டீரியோவுக்குள் புகுந்து பேசப் போதுமானதாக இருந்தது.

ஸ்டீரியோக்காரர் சி.பி. வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்மீது பழி போட்டார். தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யிடம் புகார்கள் குவிந்தன. ஆனால் விதிப்படி ஒலிபரப்புகிறவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. தனக்குச் சம்பந்தமில்லாத அலையை உள்ளே விட்டது ஸ்டீரியோதான். வீட்டுக் கருவிகள் இத்தகைய குறுக்கீட்டைத் தாங்கவேண்டும் என்று விதி வகுக்கும் அதிகாரத்தை 1982-ல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் ஆணையத்துக்குக் கொடுத்தது. ஆணையமோ பொறுப்பைத் தயாரிப்பாளர்களின் நல்லெண்ணத்துக்கே விட்டது. ஐரோப்பாவில் இதற்காக 1989-ல் வந்த உத்தரவு 1996-ல் கட்டாயமானது. ஆக, 70களின் மராண்ட்ஸ், பயோனியர், சான்சூயி ரிசீவர்கள் இப்படி ஒரு சட்டம் கேள்விப்படாத காலத்துப் பிறவிகள். அமெரிக்காவில் 2022-ல் சிடிக்களைவிட இசைத்தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்றன. பரணிலிருந்து அந்தப் பழைய ரிசீவர்களும் இறங்கிவிட்டன, தொல்லையும் கூடவே இறங்கியிருக்கிறது.

இதில் ஒரு குறும்பு உண்டு. ரிசீவர் என்றாலே உள்ளே முறையான வானொலி ஒன்று இருக்கிறது. ஆனால் இந்தக் குரல் அதன் வழியாக வரவில்லை. பெரும்பாலும் குமிழ் இசைத்தட்டுக்கான ‘ஃபோனோ’வில் நிற்கும்போதுதான் வருகிறது. ஏன் ஃபோனோ மட்டும்?

காரணம் மின்னழுத்தக் கணக்கு. டேப் டெக்கோ டியூனரோ ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது சில நூறு மில்லிவோல்ட். டர்ன்டேபிளின் கார்ட்ரிட்ஜ் கொடுப்பது 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை. மூவிங் காயில் வகையென்றால் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூடத் தேறாது. ஆகவே ஃபோனோவுக்கு மட்டும் தனியே ஒரு முன்பெருக்கி வைத்து ஏறத்தாழ 100 மடங்கு பெருக்குகிறார்கள். அதோடு முடியவில்லை. தட்டில் பதிக்கும்போது அடித்தொனியைக் குறைத்து, உச்சத்தொனியை ஏற்றிப் பதிப்பது 1954-லிருந்து பொது வழக்கம். திரும்ப இசைக்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். இதனால் 20 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கிடைக்கும் பெருக்கம், 20,000 ஹெர்ட்ஸுக்குக் கிடைப்பதைப்போல் சுமார் 90 மடங்கு. மின்சார உறுமலுக்கு இதைவிட நல்ல வரவேற்பு எங்கும் கிடைக்காது. எள்ளு காய்வது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை ஏன் காய்கிறது என்பார்களே, அந்த எலிப்புழுக்கை இங்கே எள்ளைவிட நன்றாகவே காய்கிறது.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம். ஃபோனோ முன்பெருக்கி பெருக்குவது காதுக்குக் கேட்கும் ஒலியை. 27 மெகாஹெர்ட்ஸ் அலை அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான அதிர்வெண். அதைப் பெருக்கினாலும் ஸ்பீக்கரால் அசைய முடியாது, காதுக்கும் எட்டாது. பேச்சு மட்டும் எப்படிப் பிரிந்து வருகிறது?

ஜகதீச சந்திர போஸுக்கு இது புரிந்திருக்கும். கலீனா என்ற ஈயக் கனிமத்தின்மேல் உலோக முனை ஒன்றை வைத்து மின்னலைகளை உணரும் கருவிக்கு அவர் 1901-ல் விண்ணப்பித்து 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பின்னாளின் கிறிஸ்டல் ரேடியோ இந்த வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் வீரர்கள் துருப்பிடித்த சவர பிளேடும் பென்சில் கரியும் வைத்து வானொலி கேட்டார்கள். சூட்சுமம் ஒன்றுதான். வானொலி அலை மேலும் கீழும் சம அளவில் ஆடுவதால் அதன் சராசரி பூஜ்யம். மின்னோட்டத்தை ஒரு பக்கம் தாராளமாகவும் மறுபக்கம் கஞ்சத்தனமாகவும் விடும் ஒரு பொருளை வழியில் வைத்தால் அந்தச் சமநிலை குலையும். அலையின் வீச்சில் ஏற்றியிருந்த பேச்சு தனியே மிஞ்சும்.

டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலுள்ள சந்தி அப்படிப்பட்ட ஒரு பொருள். டர்ன்டேபிளின் அலுமினியக் கையும், அதனுள் ஓடும் மயிரிழைக் கம்பிகளும், ரிசீவர்வரை வரும் ஒரு மீட்டர் கேபிளும் ஆன்டெனாவாகின்றன. முதல் டிரான்சிஸ்டர் கிறிஸ்டல் ஆகிறது. அடுத்து 100 மடங்கு பெருக்கம் தயாராகக் காத்திருக்கிறது. யாரும் திட்டமிடாமலே ஒரு நல்ல வானொலிப் பெட்டி உருவாகிவிட்டது.

டிரான்சிஸ்டர் மட்டுமே இந்த வேலையைச் செய்யும் என்று எண்ண வேண்டாம். ஆக்சைடு படிந்த செம்பும் மின்னோட்டத்தை ஒருதலைப்பட்சமாக விடும். 1920களில் செம்பு ஆக்சைடு தகடுகளைக் கொண்டே ரெக்டிஃபயர் செய்தார்கள். ஐம்பது வருடம் ஈரக்காற்றில் இருந்த ஆர்.சி.ஏ. சாக்கெட், செலக்டர் சுவிட்ச், எர்த் திருகு எல்லாம் அதே குணத்தைப் பெறக்கூடும். புதிதாக இருந்தபோது அமைதியாக இருந்த ரிசீவர் வயதானபின் பேசத் தொடங்குவது இதனாலும் இருக்கலாம். என்னைக் கேட்டால், பழுது பார்ப்பவர் சால்டரிங் அயர்னைத் தொடுமுன் துணியும் கான்டாக்ட் கிளீனரும் எடுக்க வேண்டும்.

அதற்கும் முன், நுழையும் வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். குரல் குறையாமல் அப்படியே நின்றால் ஃபோனோவைக் குற்றம் சொல்லாதீர்கள். அது வால்யூம் குமிழுக்குப் பின்னால், பெரும்பாலும் ஸ்பீக்கர் ஒயர் வழியாக நுழைகிறது. 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 11 மீட்டர். அதில் கால்பங்கு, 2.75 மீட்டர், ஆன்டெனாவுக்கு அருமையான அளவு. ஸ்பீக்கர் ஒயர் கிட்டத்தட்ட அந்த நீளத்தில்தான் பல வீடுகளில் கிடக்கிறது.

வால்யூமோடு சேர்ந்து குறைந்து, குமிழை மற்ற கருவிகளுக்கான ‘ஆக்ஸ்’ பக்கம் திருப்பினால் மறைந்தும் போனால் ஃபோனோதான். இப்போது டர்ன்டேபிளின் இடது, வலது பின்களை இடம் மாற்றிச் செருகலாம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வந்த சத்தம் அடுத்த ஸ்பீக்கருக்குப் போனால் கோளாறு கேபிளிலோ கார்ட்ரிட்ஜிலோ இருக்கிறது. அதே ஸ்பீக்கரில் நின்றால் ரிசீவருக்குள் தேடவேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், நடு முனையையும் வெளிவளையத்தையும் ஈயத்தால் இணைத்த ஆர்.சி.ஏ. பின் ஒன்றை வெறும் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். அமைதியானால் ஆன்டெனா வெளியே இருந்தது என்று பொருள். பேச்சு தொடர்ந்தால் மின் இணைப்பு வழியாகவோ, சேஸிஸோடு பலகையை இணைக்கும் திருகு தளர்ந்தோ உள்ளே வருகிறது.

சத்தத்தின் ரகமும் துப்புத் தரும். தெளிவான பேச்சு என்றால் ஏ.எம். ஒலிபரப்பு. சிங்கிள் சைடு பேண்ட் முறையில் பேசுகிறவர் குரல் வாத்து கத்துவதுபோல் குழறிக் கேட்கும். எஃப்.எம். அலையின் வீச்சு மாறுவதேயில்லை, ஆகவே கோபுரம் பக்கத்தில் இருந்தாலும் அதன் பாட்டு இந்த வழியில் தெளிவாக வருவது அரிது. விட்டுவிட்டு வரும் ‘டடடட’ சத்தம் ஜி.எஸ்.எம். கைபேசி, அது நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு ஒலிபரப்புகிறது. ஓயாத இரைச்சல் என்றால் சார்ஜர், மலிவான எல்.இ.டி. விளக்கு, மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். பேட்டரி வானொலி ஒன்றை மத்திய அலையில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்து வீட்டைச் சுற்றி வந்தால் குற்றவாளியின் அருகில் அது கத்தும். பல ஆயிரம் ரூபாய்க் கருவிக்கு இது சளைத்ததல்ல.

தீர்வில் ஆறுதலான ஒரு விதி உண்டு. சிறு சமிக்ஞைகளில் டிரான்சிஸ்டர் சந்தி பிரித்தெடுக்கும் பேச்சு, உள்ளே வந்த அலையின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும். அலையைப் பாதியாக்கினால் பேச்சு கால்பங்காகும். எனவே கேபிளைச் சுருக்குவது, திருகை இறுக்குவது, ஷீல்டு நன்றாகப் பின்னிய கேபிள் போடுவது போன்ற சின்னத் திருத்தங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பலன் தரும். ஃபெரைட் வளையத்தைக் கேபிளில் மாட்டுகிறவர்கள் ஒருமுறை கோர்த்துவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். அதன் தடை சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும், ஐந்து சுற்று சுற்றினால் 25 மடங்கு. மத்திய அலைக்கு ஒற்றைச் சுற்று கிட்டத்தட்ட வீண்.

எதற்கும் மசியாவிட்டால் முதல் டிரான்சிஸ்டரின் வாசலில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும், அதன்பின் எர்த்துக்கு 100 பிகோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரும் போடலாம். 27 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 17-ல் ஒரு பங்காகக் குறையும். வர்க்க விதிப்படி பேச்சு கிட்டத்தட்ட 300-ல் ஒரு பங்கு. ஆனால் 1 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய மத்திய அலையை இந்த மதிப்புகள் பெரிதாகத் தொடாது. மதிப்பைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. கார்ட்ரிட்ஜின் சுருளுக்கு 500 மில்லிஹென்றி அளவில் தூண்டல் உண்டு. அதோடு கேபிளும் ரிசீவரும் சேர்ந்து 200 பிகோஃபாரட் கொடுத்தால் 16 கிலோஹெர்ட்ஸ் அருகில் ஒத்ததிர்வு. இன்னொரு 100 சேர்த்தால் 13 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஜால்ராவின் ஒலி நிறம் மாறும். சேர்த்த 100-ஐ ஈடுகட்ட, கொள்திறன் குறைந்த குட்டைக் கேபிளுக்கு மாறுவதே வழி. இரண்டு சானலிலும் ஒரே மதிப்பு, கெப்பாசிட்டரின் கால்கள் முடிந்தவரை குட்டை, பிளக்கைப் பிடுங்கிப் பெரிய கெப்பாசிட்டர்கள் மின்னேற்றம் இழக்கும்வரை காத்திருந்த பிறகே வேலை.