மரக்கதவும் பனிக்கட்டியும்

ஐக்கிய அமெரிக்காவில் வசதியுள்ளோர் வீட்டுச் சமையலறையொன்றினுள் முதன்முறையாக நுழைபவர், குளிர்ப்பெட்டி எங்கே இருக்கிறது என்று சற்று நேரம் தேட வேண்டியிருக்கும். சுவர் நெடுகிலும் ஒரே மரத்தால், ஒரே நிறத்தில், ஒரே விதமான கைபிடிகளோடு அலுமாரிகள் நிற்கும். அவற்றுள் ஒன்றைத் திறக்கும்போது மாத்திரம் உள்ளிருந்து விளக்கொளியும் குளிர்காற்றும் வெளிவரும். அதுவே குளிர்ப்பெட்டி. அலுமாரிகளிடையே விடப்பட்ட இடத்தில் அதனை அளவாகப் பொருத்தி, முகத்தில் அலங்காரப் பலகை பூட்டி, அது ஓர் இயந்திரம் என்பதே தெரியாதவாறு மறைத்துவிடுகிறார்கள்.

இவ்வாறு மறைத்துவைத்த வீட்டுக்காரரே, கதவைத் திறவாமல் ஒரு குவளையை அதன் முகத்தில் நீட்டியதும் குளிர்ந்த நீரும் பனிக்கட்டியும் வந்து விழவேண்டும் என்றும் விரும்புகிறார். இங்கேதான் தச்சனுக்கும் இயந்திர வேலைக்காரனுக்கும் வழக்குத் தொடங்குகிறது. கதவின் முகம் முழுமையாக இருக்கவேண்டும் என்கிறான் ஒருவன். அதே முகத்தில் ஒரு சாளரம் வெட்டவேண்டும் என்கிறான் மற்றவன். இருவரும் சொல்வது நியாயமே. வழக்கு எவ்வாறு தீர்கிறது என்பதில் அழகு மாத்திரம் தங்கியிருக்கவில்லை. தளத்தின் மரமும், வீட்டாரின் குடிநீரும், மாதந்தோறும் வரும் மின்சாரக் கட்டணமும் அதிலே தங்கியிருக்கின்றன.

மரமும் பனிக்கட்டியும் பழைய உறவினர் என்பதை முதலிற் சொல்லவேண்டும். 1833ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் ரியூடர், ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியை மரத்தூளும் உமி போன்ற பொருள்களும் இட்டுக் காத்துக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். ஏறக்குறைய 180 தொன் புறப்பட்டது. நான்கு மாதக் கடற்பயணத்தின் பின் ஏறக்குறைய 100 தொன் கரையேறியது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் கட்டடம் இந்த அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமித்துவைப்பதற்காகக் கட்டப்பட்டதே. அமெரிக்க வீடுகளில் அக்காலத்துக் குளிர்ப்பெட்டி தச்சன் செய்த ஓக் மரப் பெட்டியாகவே இருந்தது. உள்ளே துத்தநாகத் தகடு வேய்ந்து, மேலறையில் பனிக்கட்டிப் பாளத்தை வைப்பார்கள். குளிர்ந்த காற்று கீழிறங்கி உணவைக் காக்கும். உருகிய நீர் அடியிலுள்ள தட்டில் விழும். தட்டை வெறுமையாக்க மறந்த வீட்டில் தளம் நனையும். சில பெட்டிகளில் உள்ளே நீர்த்தொட்டியும் வெளிமுகத்தில் ஒரு சிறிய குழாய்த்திறப்பும் இருந்தன. ஆகவே மரக்கதவின் வழியாகக் குளிர்ந்த நீர் பெறும் ஆசை மின்சாரத்தோடு வந்ததன்று, அதற்கு முந்தியது.

மின்சார இயந்திரம் மரத்தைத் துரத்திவிட்டது. 1927இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி தலையில் வட்டமான அமுக்கியைச் சுமந்த எஃகுப் பெட்டியை விற்கத் தொடங்கிய பின்னர், வெள்ளை எனாமல் பூசிய இரும்பே சுத்தத்தின் அடையாளமாயிற்று. பின்னர் மரம் திரும்பி வந்தது. விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரில் 1945இல் வெஸ்ரி பாக்கே என்பவர் தொடங்கிய சப்-சீரோ என்னும் கம்பனி, ஐம்பதுகளில் அலுமாரி வரிசையோடு பொருந்தி நிற்கும் பெட்டிகளைச் செய்யலாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில், 1953 அளவில், சேர்வெல் என்னும் கம்பனி தானாகவே பனிக்கட்டி செய்யும் பொறியை வீட்டுப் பெட்டியினுள் வைத்தது. அடுத்த தசாப்தங்களில் அப்பனிக்கட்டி கதவின் முகத்துக்கே வந்து சேர்ந்தது. மறைக்கும் கலையும் நீட்டிக் கொடுக்கும் கலையும் இவ்வாறு தனித்தனியே வளர்ந்து, பின்னர் ஒரே கதவில் மோதிக்கொண்டன.

பொறியின் வேலை மிக எளியது. வீட்டுக் குழாயிலிருந்து வரும் நீரை ஒரு மின்காந்த வால்வு சில விநாடிகளுக்குத் திறந்துவிட, அந்நீர் சிறு குழிகள் கொண்ட அச்சை நிரப்புகிறது. அச்சின் வெப்பநிலை உறைநிலைக்கு நன்றாகக் கீழே இறங்கியதும் வெப்பநிலைக் காப்பி அதனை உணர்ந்து, அச்சின் அடியிலுள்ள கம்பியைச் சற்றே சூடாக்குகிறது. கட்டிகளின் ஓரம் உருகி வழுக்குகிறது. சுழலும் விரல்கள் அவற்றைத் தள்ளி வாளியில் வீழ்த்துகின்றன. வாளி நிரம்பியதும் ஒரு கம்பிக்கை மேலே தாங்கப்பட்டு வேலை நிற்கிறது. குவளையைக் கதவிலுள்ள நெம்புகோலில் அழுத்தினால், வாளியிலுள்ள திருகுச்சுருள் சுழன்று கட்டிகளை முன்னே தள்ள, அவை ஒரு சரிவின் வழியே விழுகின்றன. குளிர்நீருக்குப் பம்பி தேவையில்லை. கீழ் இலாச்சிகளின் பின்னால் ஒரு சிறு தொட்டியோ நீண்ட குழாய்ச் சுருளோ நீரோடு குளிர்ந்து கிடக்கும். வால்வு திறந்ததும் வீட்டுக் குழாயின் அமுக்கமே புதிய நீரை உட்செலுத்திக் குளிர்ந்த நீரை வெளியே தள்ளுகிறது. ஒருவர் பின் ஒருவராக ஐந்தாறு பேர் குவளை நீட்டினால் கடைசியாளுக்கு வெறும் குழாய்நீரே கிடைப்பதன் காரணம் இதுதான்.

கட்டி தன் எடையினாலேயே விழவேண்டும். ஆகையால் வாளி குவளைக்கு மேலே இருக்கவேண்டும். உறையறை இடப்பக்கத்தில் அடிமுதல் முடிவரை நிற்கும் இரட்டைக்கதவுப் பெட்டியில் இது இயல்பாக அமைகிறது. உறையறை அடியிலுள்ள பெட்டியிலோ பனிப்பொறியை மேலுள்ள உணவறையினுள் தனியொரு காப்புக் கூட்டில் வைக்கவேண்டியிருக்கிறது.

இனி இடத்தின் கணக்கு. அமெரிக்கச் சமையலறையின் கீழ் அலுமாரிகளின் ஆழம் வழக்கமாக 24 அங்குலம். தனித்து நிற்கும் பெட்டிகள் பெரும்பாலும் அதற்கு அரை அடி அளவிலேனும் முன்னே துருத்தி நிற்கும். பொருந்தி நிற்கும் பெட்டியோ அந்த 24 அங்குலத்துக்குள் அடங்கவேண்டும். ஒரு குவளையை நிற்கவைக்கக் கதவில் சில அங்குலக் குழிவு வேண்டும். அந்தக் குழிவு எதிலிருந்து எடுக்கப்படுகிறது? கதவினுள் இருக்கும் காப்பு நுரையிலிருந்தும் உறையறையின் இடத்திலிருந்துமே. குழிவின் பின்னால் நுரை மெலிகிறது. அதற்கப்பால் பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியஸ் குளிர் நிற்கிறது.

இவ்விடத்தில் வருவதே பனித்துளி என்னும் எதிரி. சமையலறைக் காற்று 27 பாகையாகவும் அதன் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஆகவும் இருக்கும் நாளில், ஏறக்குறைய 22 பாகைக்குக் கீழ்க் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் அரும்பும். எஃகுக் கதவில் அரும்பினால் துணியால் துடைத்துவிடலாம். மரப்பலகையில் அரும்பினால் அது உள்ளே ஊறும். ஊறிய மரம் வீங்கும். வீங்கிய பலகை வளையும். கடைசியிற் பூஞ்சணம் கறுப்பாகப் படரும். இதனைத் தடுக்கவே குழிவைச் சுற்றி மெல்லிய சூட்டுக்கம்பி ஓடுகிறது. குளிரவைக்கும் பெட்டிக்குள்ளேயே சூடாக்கும் கம்பி இருப்பது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆயினும் அதன்றி வேலை நடவாது. இவ்வாறான செலவுகள் சிறியனவுமல்ல. 2014இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மின்சிக்கன விதிகள், தானியங்கிப் பனிப்பொறியுள்ள ஒரு பெட்டிக்கு ஆண்டுக்கு 84 கிலோவாற்று மணியைக் கூட்டிக் கணக்கிட்டன.

மரப்பலகையும் ஒரு காப்புப் பொருளே என்பதைப் பலர் எண்ணுவதில்லை. எஃகுக் கதவின் மேல் பலகையைப் பொருத்தினால், முன்பு அறைக்காற்றினால் வெதுவெதுப்பாக இருந்த எஃகு, பலகையின் மறைவில் சற்றுக் கூடக் குளிர்கிறது. இரண்டுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வெளியில் ஈரக்காற்று நுழைந்தால் அங்கே யாரும் காணாமல் நீர் அரும்பும். எனவே பலகையின் முன்முகத்துக்கு மாத்திரம் வார்னிசு பூசிவிட்டுப் பின்முகத்தைப் பச்சையாக விடும் தச்சன் பாதி வேலையே செய்தவனாவான். முன், பின், நான்கு விளிம்பு ஆகிய ஆறு பக்கமும் பூசப்படவேண்டும். சாளரம் வெட்டினால் அதன் உள்விளிம்புகளுக்கும் இரண்டு பூச்சு மேலதிகமாகவே வேண்டும். நீர் தெறிப்பது அங்கேதான்.

சாளரம் வெட்டுவதில் இரு முறைகள் உண்டு. பழைய முறையில், கதவைச் சுற்றியுள்ள உலோகச் சட்டத்தின் காடியில் கால் அங்குலப் பலகையைச் செருகுவார்கள். நீர்வழங்கிக்கு மேலே ஒரு பலகையும் கீழே ஒரு பலகையுமாகப் பிரிந்து நிற்கும். இடையில் உலோகம் தெரியும். இது பார்வைக்கு அவ்வளவு சிறப்பில்லை எனினும் தொல்லை குறைந்தது. புதிய முறையில், முக்கால் அங்குலத் தடிப்புள்ள ஒரே பலகை கதவு முழுவதையும் மூடும். அதன் நடுவே சாளரம் வெட்டப்படும். இரண்டாவதில் வழங்கியின் முகம் பலகைக்குப் பின்னால் புதைந்துபோகாதிருக்கத் தயாரிப்பாளர் கூறிய தடிப்பையும் வெட்டளவையும் சிறிதும் மீறாதிருத்தல் வேண்டும். சாளரத்தின் இருபுறமும் எஞ்சும் பலகை ஒடுங்கியதாகையால், தனிமரத்தில் வெட்டினால் இழையோடு பிளக்கும். நல்ல ஒட்டுப்பலகையின் மேல் மெல்லிய மரத்தகடு ஒட்டி, விளிம்புக்குத் தனிமரம் பதிப்பதே உத்தமம். சாளரத்தின் மூலைகளைக் கூர்ச்சதுரமாக வெட்டினால் வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும். அனுபவமுள்ள தச்சன் முதலில் நான்கு மூலைகளிலும் வட்டத் துளையிட்டுப் பின்பே அரத்தை ஓட்டுவான்.

பலகையின் பாரத்தையும் எண்ணவேண்டும். 2 மீற்றர் உயரமும் 75 சென்ரிமீற்றர் அகலமும் 19 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள அழுத்திய மரநார்ப் பலகை ஏறக்குறைய 21 கிலோகிராம் நிறையுடையது. கதவுத் தட்டுகளில் நிற்கும் போத்தல்களின் பாரமும் இதனோடு சேர்கிறது. கதவு முழுதும் திறந்து நிற்கும்போது பெட்டியே முன்னோக்கிச் சாயத் துணியும். ஆதலால் பெட்டியைச் சுவரோடோ மேற்சட்டத்தோடோ இறுகப் பிணைத்த பின்னரே பலகையைப் பூட்டவேண்டும். அதற்கு முன் நீர்மட்டம் பார்ப்பதும் அவசியம். பெட்டி சரிந்து நின்றால் அச்சில் விழும் நீர் ஒருபக்கம் வழிந்து, வாளியிலுள்ள கட்டிகளை ஒரே பாறையாக உறையவைத்துவிடும். காற்றுப் போகும் வழியை அலங்காரத்துக்காக அடைத்துவிடுவது இன்னொரு வழமையான தவறு. ஒடுக்கியின் வெப்பம் வெளியேற மேலேயோ அடியிலோ விடப்பட்ட சல்லடையை மரத்தால் மூடினால், அமுக்கி ஓயாமல் ஓடி விரைவில் ஆயுளை முடித்துக்கொள்ளும்.

உண்மையான ஆபத்து தண்ணீர்க் குழாயில் இருக்கிறது. கால் அங்குலக் குழாய் ஒன்று சுவருக்கும் பெட்டிக்கும் இடையே, எவர் கண்ணுக்கும் படாமல், எந்நேரமும் அமுக்கத்தோடு நிற்கிறது. அதில் ஊசிமுனையளவு ஒழுக்கு ஏற்பட்டாலும் தளப்பலகை கறுத்த பின்னரே வீட்டார் அறிவர். தனித்து நிற்கும் பெட்டியை இழுத்துப் பார்க்கலாம். அலுமாரிகளிடையே பூட்டிய பெட்டியை இழுப்பது ஒரு நாள் வேலை. பழைய குழாயில் துளையிட்டுக் கவ்வும் சேண வால்வு மலிவானது; விரைவில் அடைபடுவதும் ஒழுகுவதும் அதன் குணம். அமெரிக்காவிற் பல இடங்களின் கட்டட விதிகள் அதனை ஏற்பதில்லை. முறையான மூன்றுவழி இணைப்பும் பந்து வால்வுமே தகுந்தவை. அந்த வால்வைப் பெட்டியின் பின்னால் வைக்காமல், கையெட்டும் பக்கத்து அலுமாரியில் வைக்கவேண்டும். பெட்டி முன்னே வருவதற்குத் தக்க நீளமாகக் குழாயைச் சுருட்டி விடுவதும் வழக்கம். நீரின் அமுக்கம் போதாவிட்டால் வால்வு இறுக மூடாமற் சொட்டுவதும் உண்டு. சதுர அங்குலத்துக்கு 20 முதல் 35 இறாத்தல் வரையில் ஏதேனும் ஒரு கீழெல்லையைத் தயாரிப்பாளர் குறித்திருப்பர்.

கதவிலுள்ள சிந்துதட்டைப் பற்றியும் ஒரு சொல். அது கழிநீர்த் தொட்டியன்று. பெரும்பாலானவற்றில் வடிகால் கிடையாது. மிஞ்சிய நீரைப் பிள்ளைகள் அதில் ஊற்றினால் அது நிரம்பி நேரே அலங்காரப் பலகையில் வழியும்.

வழங்கியில்லாத பெட்டியொன்றை வாங்கிவிட்டுப் பின்னர் கதவைத் துளைக்கலாமா என்று கேட்பவர் உண்டு. கூடாது. கதவின் உட்புறம் ஒரே தகடாக வார்க்கப்பட்டது. இடையே நுரை பொங்கி இறுகியிருக்கிறது. வெட்டினால் ஈரம் புகுந்து நுரை கெடும். கம்பி, குழாய், சரிவு ஆகியவற்றுக்கு அங்கே வழியும் இல்லை. அத்தகைய வீட்டுக்கு வேறு வழிகள் உள்ளன. முகத்தை முழுமையாக விட்டு, நீர்த்திறப்பை உட்சுவரில் வைத்த பெட்டிகள் பல இன்று விற்பனையாகின்றன. குவளைதோறும் கதவைத் திறக்கவேண்டும், ஒவ்வொரு திறப்பிலும் சிறிது குளிர் போகும் என்பது உண்மையே; ஆனால் சூட்டுக்கம்பியும் சாளரமும் சிந்துதட்டும் இல்லாமற்போகின்றன. மரவேலையைப் பெரிதாக மதிப்பவருக்கு இதுவே அடக்கமான தீர்வு. கையில் வலுக்குறைந்த முதியவர் உள்ள வீட்டில் மாத்திரம், பாரமான பலகைக்கதவை நாளொன்றுக்குப் பத்துத் தடவை இழுக்கச் சொல்வது நியாயமாகாது; அங்கே சாளரம் வெட்டுவதே சரி. மற்றொரு வழி, மேசைக்கடியில் தனிப் பனிப்பொறி வைப்பது. குளிர்ந்த தகட்டின் மேல் நீரை ஓடவிட்டு உறையவைக்கும் பொறிகளில் கட்டி கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். அச்சில் உறைந்த கட்டி நடுவில் வெண்மையாயிருப்பதற்குக் காரணம், ஓரத்திலிருந்து உறைந்து வரும்போது கரைந்திருந்த காற்றும் உப்பும் நடுவே சிறைப்படுவதே. எனினும் தனிப்பொறிக்கு வடிகாலும் வேண்டும்.

வேலை முடிந்ததும் உடனே விருந்தினருக்குக் குவளை நீட்டலாகாது. புதிய கரிவடியிலிருந்து நுண்ணிய கருந்தூள் வரும்; முதற் சில லீற்றர் நீரையும் முதல்நாட் கட்டிகளையும் கொட்டிவிடவேண்டும். வடியை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழமை. நீர் திறந்த நேரத்திலிருந்து ஒரு முழுநாள் விட்டு, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் உலர்ந்த கடதாசியை வைத்துப் பார்க்கவேண்டும். அது நனையாதிருந்தால், அலங்காரப் பலகையின் கடைசித் திருகாணியைத் தச்சன் அப்போது இறுக்கலாம்.